படிவம் 12 தாமதமானால் தேர்தல் பணியாளரின் தபால் வாக்கு என்ன ஆகும்?

கேள்வி – அரசுப் பள்ளி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். என் வாக்கு விழுப்புரம் தொகுதியில் உள்ளது. சட்டமன்றத் தேர்தல் பணிக்கு மற்றொருவருக்கு மாற்றாக என்னைத் திண்டிவனம் தொகுதியில் அமர்த்தியுள்ளனர். ஆணை கைக்கு வந்தபோது, தபால் வாக்குக்கான விண்ணப்பமாகிய படிவம் 12 பெறப்பட்ட முதல் பயிற்சி வகுப்பு முடிந்திருந்தது. வாக்குப்பதிவுக்கு 6 நாள்களே உள்ள நிலையில் விண்ணப்பத்தை ஏற்பார்களா? 87 வயதான என் தந்தை வீட்டிலிருந்தே வாக்களிக்க இனி விண்ணப்பிக்க இயலுமா?

பதில் – பட்டதாரி ஆசிரியர்

கவலை வேண்டாம், சகோதரி. பணியாற்றும் சாவடியிலேயே வாக்களிக்கலாம். 2024 மக்களவைத் தேர்தலில் நான் அவ்வாறுதான் வாக்களித்தேன்.

பதில் – ஓய்வுபெற்ற வருவாய்த் துறை அலுவலர்

மேலே உள்ள பதிலை நம்பி இருந்துவிடாதீர்கள், அம்மா. திண்டிவனம், விழுப்புரம் இரண்டும் ஒரே மக்களவைத் தொகுதிக்குள் வருவதால், அந்தத் தேர்தலில் படிவம் 12ஏ கொடுத்துத் தேர்தல் பணிச் சான்று பெற்றவர்கள் பணியிடத்திலேயே வாக்களிக்க முடிந்தது. சட்டமன்றத் தேர்தலில் அவை தனித்தனித் தொகுதிகள் என்பதால் உங்களுக்குத் தபால் வாக்கு ஒன்றே வழி.

1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 20ஆம் விதி, படிவம் 12 வாக்குப்பதிவுக்கு 7 நாள்களுக்கு முன்போ, தேர்தல் நடத்தும் அலுவலர் அனுமதிக்கும் அதனினும் குறுகிய காலத்திற்குள்ளோ கிடைக்க வேண்டும் என்கிறது. ஆகவே கெடு கடந்துவிட்டது என்று மேசையிலேயே திருப்பி அனுப்புவது முறையன்று. முடிவு செய்ய வேண்டியவர் அந்த அலுவலர். பணி ஆணையின் நகல், வாக்காளர் பட்டியலில் உள்ள உங்கள் பாக எண், வரிசை எண் ஆகியவற்றுடன் படிவத்தை நாளையே விழுப்புரம் தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் நேரில் கொடுத்து, ஆணை தாமதமாக வந்ததை எழுதி, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். திண்டிவனத்தில் கொடுத்தால் அங்கிருந்து அனுப்புவதிலேயே நாள் கழிந்துவிடும்.

2023ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், தேர்தல் பணியாளர்கள் வாக்குச்சீட்டை வீட்டிற்கு எடுத்துச் செல்ல இயலாது. அதற்கென அமைக்கப்படும் மையத்திலேயே பெற்று, வாக்களித்து, அங்கேயே ஒப்படைக்க வேண்டும். எனவே அந்த மையம் இயங்கும் கடைசி நாளே உங்களுக்கு உண்மையான கெடு. அதைத்தான் முதலில் கேட்டறிய வேண்டும். பணி தந்த அரசே பணியாளரின் வாக்கை இழக்கச் செய்வது ஏற்கத்தக்கதன்று; ஆதலால் தயங்காமல் கேளுங்கள்.

பதில் – வாக்குச்சாவடி நிலை அலுவலர்

தந்தையாரின் நிலை வேறு. 85 வயது கடந்தோர் வீட்டிலிருந்தே தபால் வாக்கு அளிப்பதற்கான படிவம் 12டி, தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாள்களுக்குள் சேர வேண்டும்; அந்த விதியில் காலத்தைத் தளர்த்த இடமில்லை. ஆயினும் அவருடைய வாக்கு போய்விடவில்லை. தபால் வாக்கு வழங்கப்பட்டவர்களின் பெயருக்கு எதிரே மட்டுமே பட்டியலில் அதற்கான குறியிடப்படும், அவர்களே சாவடியில் வாக்களிக்க முடியாது. விண்ணப்பிக்காத தந்தையார் வழக்கம்போல் சாவடிக்கு வரலாம். சின்னத்தை அடையாளம் காணவோ பொத்தானை அழுத்தவோ உடல்நிலை இடம் தராவிட்டால், 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். நீங்கள் பணியில் இருப்பீர்கள் என்பதால் அந்தத் துணையை இப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள்.