கேனான் 1000டி-க்கு அடுத்த மாடல்: எது வரும், எதைப் பிடித்து வைப்பார்கள்?

நிழற்குடை கேட்கிறார் (அக்டோபர் 2010; மற்றவர்களின் பதில்கள் கீழே அவரவர் பெயரில்)

வணக்கம் நண்பர்களே. கேனானின் மலிவு எஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய) கேமராவான 1000டி வந்தது 2008 ஜூனில். அதற்குப் பிறகு 500டி, 550டி, இப்போது 60டி என்று மேலே எல்லாமே மாறிவிட்டது. விலை குறைந்த கடைசிப் படி மட்டும் அசையாமல் நிற்கிறது. ஆகஸ்டில் நிக்கான் டி3100-ஐ 14.2 மெகாபிக்சல், 1080 வீடியோ என்று இறக்கிய பிறகும், ஜெர்மனியின் போட்டோகினா கேமரா கண்காட்சியில் கேனான் இந்த வரிசையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அடுத்த மாடலில் எந்த சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) வரும் என்று நினைக்கிறீர்கள்? வீடியோ நிச்சயமா? 1000டி-யில் இல்லாத ஸ்பாட் மீட்டரிங்கை (நடுவில் ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளப்பதை) தருவார்களா? என் தேவை வீட்டு விசேஷங்கள், ஓடியாடும் குழந்தைகள், கொஞ்சம் வீடியோ. காத்திருக்கலாமா, இருப்பதை வாங்கிவிடலாமா?

ஒளியளவை

புதிதாக என்ன கண்டுபிடிப்பார்கள் என்று யோசித்தால் விடை கிடைக்காது. கேனானின் கடைசிப் படி கேமரா எப்போதும் ஏற்கெனவே செய்து வைத்த பாகங்களில் இருந்துதான் பிறக்கிறது. 1000டி வந்தபோது 450டி-யில் 12.2 மெகாபிக்சல் சென்சார் ஏற்கெனவே விற்பனையில் இருந்தது. ஆனாலும் 1000டி-க்குப் போனது 400டி தலைமுறையின் 10.1 மெகாபிக்சல்தான். அந்தக் கணக்கைப் பிடித்தால் இப்போது மேலே 550டி-யின் 18, அதற்கு ஒரு படி கீழே 500டி-யின் 15.1. என் ஊகம் 15.1தான். 500டி-யிலேயே வீடியோ எடுத்துப் பழகிய சென்சார் என்பதால் புதிய சோதனை வேலை குறைவு.

பிராசஸரில் சந்தேகமே வேண்டாம், டிஜிக் 4. 1000டி-யில் இருக்கும் டிஜிக் 3-ஆல் எச்.264 என்ற முறையில் வீடியோவைச் சுருக்க முடியாது. வீடியோ வேண்டுமென்றால் பிராசஸர் மாறியே ஆகவேண்டும், பிராசஸர் மாறினால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600 என்ற உச்சவரம்பும் தானாக உயரும். குழந்தைகளை டியூப்லைட் வெளிச்சத்தில் எடுப்பவருக்கு மெகாபிக்சலைவிட இதுதான் பெரிய லாபம்.

ஆட்டோபோகஸ் 7 புள்ளியில் இருந்து 9 ஆகலாம். குறுக்கு வகைப் புள்ளி (கிடைக்கோடு, நெடுக்கோடு இரண்டையும் பிடிப்பது) நடுவில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அதை மாற்ற மாட்டார்கள். மங்கிய வெளிச்சத்தில் ஓரப் புள்ளிகள் தடுமாறும். கோடோ விளிம்போ எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து அவை பிடிக்கும் அல்லது கோட்டை விடும். நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்வது இன்றும் நாளையும் பாதுகாப்பு.

ஸ்பாட் மீட்டரிங் வராது என்றே நினைக்கிறேன். 1000டி-யில் அதை எடுத்ததற்குச் செலவு காரணமாகத் தெரியவில்லை. 450டி வாங்க ஒரு காரணம் மிச்சம் இருக்கட்டும் என்பதற்காகத்தான். இன்ஃப்ராரெட் ரிமோட்டும் அதே கதை. 1000டி-க்கு வயர் ரிமோட் ஆர்எஸ்-60இ3 மட்டும்தான் பேசும்.

படச்சுருள்

15.1 என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 12.2 வரும். 18-ஐயும் 15.1-ஐயும் பக்கத்தில் வைத்தால் அச்சில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, பிறகு யார் 550டி-க்குக் கூடுதல் காசு கொடுப்பார்கள்? பிக்சலின் அளவையும் பாருங்கள். 10.1-ல் ஒரு பிக்சல் சுமார் 5.7 மைக்ரான், 12.2-ல் 5.2, 15.1-ல் 4.7, 18-ல் 4.3. 12.2-ஐ டிஜிக் 4-ஓடு சேர்த்தால் ஐஎஸ்ஓ 3200 தைரியமாகக் கொடுக்கலாம், ஒவ்வொரு படத்துக்கும் தள்ளவேண்டிய டேட்டாவும் குறைவு. 1000டி-யில் ரா வடிவில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) வினாடிக்கு 1.5 படம் என்ற அவஸ்தை தீர அது ஒரு வழி.

வீடியோ விஷயத்தில் விளம்பர எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். 500டி பெட்டியிலும் 1080 என்று போட்டிருந்தது, ஆனால் அது வினாடிக்கு 20 பிரேம். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பினால் படம் துள்ளித் துள்ளிப் போகும். அதில் உருப்படியாகப் பயன்பட்டது 30 பிரேம் 720தான். புதியதில் 720 மட்டும் வந்தாலும் குறையாக நினைக்க வேண்டாம்.

கேட்கவேண்டிய கேள்வி, வீடியோவில் ஷட்டரையும் (ஒளி விழும் நேரம்) அப்பர்ச்சரையும் (லென்ஸின் திறப்பு) கையால் வைக்க முடியுமா என்பது. 500டி-யில் முடியாது, 550டி-யில் முடியும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட டியூப்லைட் வினாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100-ல் நின்றால் படம் சீராக இருக்கும். கேமரா தன்னிஷ்டத்துக்கு 1/80, 1/125 என்று போனால் கரும்பட்டைகள் மேலும் கீழும் ஊரும். கையால் வைக்க விடவில்லை என்றால், சரியான ஷட்டர் அமையும்வரை காட்சியைக் காட்டி எக்ஸ்போஷரைப் பூட்டுவதுதான் ஒரே தந்திரம். அதுவும் எப்போதும் பலிக்காது.

மைக் ஜாக்கை எதிர்பார்க்காதீர்கள். 500டி-யிலேயே கிடையாது, 550டி-யில்தான் 3.5 மிமீ துளை வந்தது. டி3100-இலும் இல்லை. உள் மைக்கில் லென்ஸ் மோட்டார் கரகரப்பது தெளிவாகப் பதியும்.

கண்ணாடிப்பெட்டி

எல்லோரும் சென்சாரையே பேசுகிறீர்கள். கண்வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் மாறாது என்பதையும் சொல்லிவிடுவோம். மூன்று பக்கக் கண்ணாடிகளை ஒட்டிய பென்டாமிரர்தான் வரும், திடக் கண்ணாடிப் பட்டகம் 60டி-யில் இருந்துதான் ஆரம்பம். படத்தில் 95 சதவீதம்தான் அதில் தெரியும், ஆகவே கண்ணில் படாத ஓரத்தில் யாராவது கையோ செருப்போ படத்தில் வந்து உட்காரும்.

நிக்கானோடு ஒப்பிடுபவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. டி3100-இல் போகஸ் மோட்டார் கேமராவுக்குள் இல்லை. மலிவான 50 மிமீ எஃப் 1.8டி லென்ஸை மாட்டினால் கையால்தான் போகஸ் செய்யவேண்டும். மோட்டார் உள்ளே இருக்கும் ஏஎஃப்-எஸ் வகை லென்ஸ்தான் தேடவேண்டும், 35 மிமீ எஃப் 1.8ஜி அதற்குப் பொருத்தம். கேனானில் இஎஃப் லென்ஸ் எல்லாவற்றிலும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 50 மிமீ எஃப் 1.8 இரண்டாம் பதிப்பு எந்த மலிவு மாடலிலும் தானாகவே போகஸ் ஆகும். குழந்தைகளை வீட்டுக்குள் எடுப்பவருக்கு இந்த ஒரு லென்ஸ், ஒரு தலைமுறை சென்சார் மாற்றத்தைவிட அதிகம் செய்யும். கேமராவோடு வரும் 18-55 மிமீ கிட் லென்ஸ் 55-ல் எஃப் 5.6. இது எஃப் 1.8, அதாவது மூன்று ஸ்டாப்புக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) சற்று மேல். ஐஎஸ்ஓ 1600-ல் 1/15 வந்த இடத்தில் 1/125 கிடைக்கும். லென்ஸில் இருக்கும் ஐஎஸ் (அசைவைச் சமன்செய்யும்) வசதி உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், ஓடும் குழந்தையை நிறுத்தாது.

பென்டாக்ஸ் கே-எக்ஸையும் கேனான் கவனித்திருக்கும். நான்கு ஏஏ பேட்டரியில் ஓடும், நல்ல ஐஎஸ்ஓ, ஆனால் எந்தப் புள்ளியில் போகஸ் பிடித்தது என்று வியூஃபைண்டரில் சிவப்பு விளக்கு எரியாது. வாங்கியவர்கள் குறைப்பட்ட பிறகு அடுத்து வந்த கே-ஆரில் அதைச் சேர்த்தார்கள். தவறான இடத்தில் சிக்கனம் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே பாடம்.

நிழற்குடை

நன்றி. ஸ்பாட் மீட்டரிங் இல்லாமல், பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருக்கும்போது முகத்துக்கு எப்படி அளவெடுப்பது? 1000டி-யே வாங்கினாலும் இதைச் சமாளிக்க முடியுமா?

ஒளியளவை

முடியும். 1000டி-யில் பார்ஷியல் மீட்டரிங் இருக்கிறது, நடுவில் சுமார் 10 சதவீதப் பரப்பை மட்டும் அளக்கும். ஏவி மோடில் (அப்பர்ச்சரை நாம் வைக்க, ஷட்டரைக் கேமரா வைக்கும்) முதலிலேயே எஃப் 5.6 வையுங்கள். ஏனென்றால் கிட் லென்ஸ் 18-ல் எஃப் 3.5 வரை திறக்கும், 55-ல் 5.6-க்கு மேல் திறக்காது. 3.5-ல் வைத்துவிட்டு ஜூம் செய்தால் அப்பர்ச்சர் நகர்ந்து கணக்கு கெடும். இப்போது 55 வரை ஜூம் செய்து, நடுவட்டத்தை முகம் நிரப்பும்படி பிடித்து, நட்சத்திரக் குறி பட்டனை அழுத்துங்கள். விரலை எடுக்காமல் 18-க்கோ 35-க்கோ திரும்பி, காட்சியை அமைத்து, எடுங்கள். விரலை எடுத்தால் சில வினாடிகளில் பூட்டு விலகிவிடும், பலருக்கும் தவறுவது இங்கேதான். நிறமும் ஒரு கணக்கு. மாநிற முகத்துக்கு அளவை அப்படியே வைக்கலாம், கருத்த முகத்துக்கு மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்தால்தான் தோல் நிறம் வெளுக்காமல் வரும்.

இந்த விஷயத்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. காத்திருப்பதென்றால் வீடியோவுக்காகக் காத்திருங்கள். கேனான் இந்த வருடம் 550டி-யை பிப்ரவரியில் அறிவித்தது, யோகோஹாமாவின் சிபி பிளஸ் கண்காட்சியும் அடுத்த முறை பிப்ரவரியில்தான். அறிவிப்பு அந்தச் சமயத்தில் வரலாம், கடைக்கு வர அதற்கு மேலும் ஆகும்.

படச்சுருள்

வீடியோவுக்காகக் காத்திருப்பவர் ஒன்றைத் தெரிந்து வையுங்கள். 18-55 ஐஎஸ் லென்ஸில் போகஸ் சுவிட்ச் ஏஎஃப்-ல் (தானியங்கி போகஸ்) இருக்கும்போது முன்வளையத்தைக் கையால் திருப்பக்கூடாது, பல்சக்கரம் தேயும். வீடியோவுக்கு எம்எஃப்-க்கு (கையால் போகஸ்) தள்ளிவிட்டுத் திருப்புங்கள். 550டி-யின் 1080 கணக்கில் நிமிடத்துக்கு 330 எம்பி, ஒரே கோப்பு 4 ஜிபி-யைத் தொட்டதும் சுமார் 12 நிமிடத்தில் பதிவு தானாக நின்றுவிடும். தாலி கட்டும் நேரத்தில் நிற்காதபடி அதற்கு முன்பே ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள். கார்டு கிளாஸ் 6-க்குக் குறையாமல் இருக்கட்டும், மெதுவான கார்டில் பதிவு நடுவிலேயே அறுந்துவிடும்.