வருஷா வருஷம் 3000 பேருக்கு மேல் தேர்வு, போலீஸ் ஸ்டேஷனில் மட்டும் ஆள் இல்லை. எங்கே போகிறார்கள்?

கணக்குப்பிள்ளை:
தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 2022-இல் 3552, 2023-இல் 3359, 2025-இல் 3644 பணியிடங்களுக்கு அறிவிக்கை விட்டது. ஆனாலும் எந்த ஸ்டேஷனில் கேட்டாலும் "ஆள் பத்தல சார்" என்பதே பதில். கணக்கு எங்கே உதைக்கிறது? தேர்வு தாமதமா, பயிற்சியா, இருப்பவர்களை வேறு வேலைக்கு இழுப்பதா? உள்விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சி அரசியல் வேண்டாம்.

பாரா மாத்து:
முதலில் அந்த எண்ணைப் பிரித்துப் பாருங்கள். 2023-இன் 3359 முழுக்கப் போலீஸ் கிடையாது. ஆயுதப்படை 780, சிறப்புக் காவல் படை 1819, சிறைக் காவலர் 86, தீயணைப்பாளர் 674. போலீஸுக்கு வந்தது 2599. இதே மாதிரி 2025-இன் 3644-இல் இரண்டாம் நிலைக் காவலர் 2833 தான்.

அந்த 2599 பேரும் நேராக ஸ்டேஷனுக்கு வருவதில்லை. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு என்பதே ஆயுதப்படைக்கும் பட்டாலியனுக்கும் (சிறப்புக் காவல் படை அணி) ஆள் எடுப்பது. மணிமுத்தாறு, பழனி, ராஜபாளையம், ஆவடி என்று பட்டாலியனில் சில வருஷம், பிறகு மாவட்ட அல்லது மாநகர ஆயுதப்படை, அங்கே சீனியாரிட்டி வந்த பிறகுதான் தாலுகா போலீஸ், அதாவது நீங்கள் பார்க்கிற ஸ்டேஷன். பட்டாலியனுக்குப் போகாமல் ஆயுதப்படைக்கே தேர்வானவர்களுக்கு ஒரு படி மிச்சம். இன்றைக்கு ஸ்டேஷனில் ஓய்வு பெறுகிறவர் இடத்துக்கு இன்றைய தேர்வில் ஆள் வராது. பல வருஷம் முன்னால் எடுத்த பேட்ச்சிலிருந்து வரவேண்டும். அந்தக் காலத்தில் குறைவாக எடுத்திருந்தால் பள்ளம் இப்போதுதான் தெரியும்.

தேர்வு இடைவெளியும் இருக்கிறது. எழுத்துத் தேர்வு நடந்த நாட்கள் 27.11.2022, 10.12.2023, அதற்கடுத்து 9.11.2025. நடுவில் 23 மாதம். ஓய்வு பெறுகிறவர்கள் அதுவரை காத்திருப்பதில்லை.

மூணு ஷிப்ட்:
மேலே சொன்னது சரி, ஆனால் பாதிதான். அனுமதிக்கப்பட்ட பணியிடம் முழுக்க நிரம்பினாலும் பத்தாது. ஒரு பாரா எடுத்துக்கொள்ளுங்கள், 24 மணி நேரமும் ஆள் நிற்க வேண்டிய இடம். 8 மணி நேர ஷிப்ட் என்றால் மூன்று பேர் என்று தோன்றும். வார ஓய்வு 52 நாள், மற்ற விடுப்பு தோராயமாக 25 நாள் கழித்தால் ஒருவர் வருஷத்துக்கு 288 நாள். தேவை 365 × 3 = 1095 ஆள்நாள். வகுத்தால் 3.8, அதாவது ஒரு பாராவுக்கு நாலு பேர். ரோந்து வண்டி டிரைவருக்கும் இதே கணக்கு. இப்போது இரண்டு பேரை வைத்து 12 மணி நேரமாக ஓட்டுகிறார்கள். 2021 நவம்பரில் வார ஓய்வுக்கு அரசாணை வந்தது. பந்தோபஸ்து விழுகிற வாரத்தில் முதலில் வெட்டு விழுவது அதற்குத்தான்.

8 மணி நேர ஷிப்டுக்கு எவ்வளவு ஆள் வேண்டும் என்று 2014-இல் போலீஸ் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்புக்காக தேசிய அளவில் ஒரு ஆய்வு செய்தார்கள். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையைப் போல் 1.68 மடங்கு வேண்டும் என்றது.

அயல்பணியை விட்டுவிட்டீர்கள். பதிவேட்டில் ஸ்டேஷன் ஆள், வேலை பார்ப்பது எஸ்.பி. அலுவலகத்திலோ தனிப்படையிலோ. சம்பளம் இந்த ஸ்டேஷன் கணக்கில் போவதால் காலியிடமாகக் காட்டவும் முடியாது. மிச்சம் உள்ளவர்களில் ஒருவர் கோர்ட், ஒருவர் சம்மன், இரண்டு பேர் வழிக்காவல் (கைதியைக் கூட்டிப் போவது) என்று கிளம்பிவிட்டால் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டரும் பாராவும்தான்.

கவாத்து மைதானம்:
தேர்வுப் பக்கம் சொல்கிறேன். எழுத்துத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் 80-க்கு 32 எடுத்தால்தான் அடுத்த தாளைத் திருத்துவார்கள். முதன்மைத் தாள் 70, உடற்திறன் 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுக்கு 6. ஆண்களுக்கு 1500 மீட்டர் 7 நிமிடத்தில். இதற்கு மதிப்பெண் கிடையாது, முடிக்காவிட்டால் வெளியே. 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று, ஒரு சுற்றுக்கு 112 விநாடி ஆகலாம். கஷ்டமான வேகமே இல்லை. முதல் சுற்றை 80 விநாடியில் பறந்துவிட்டு மூன்றாவதில் நடப்பவர்கள்தான் விழுகிறார்கள்.

பயிற்சி 7 மாதம் பள்ளியில், 1 மாதம் ஸ்டேஷனில். என் கருத்தில் இந்த விகிதமே கோளாறு. கவாத்து உடம்பில் ஏறிவிடுகிறது, காகித வேலை ஏறுவதில்லை. 1.7.2024 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள். அதில் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 105-இன்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். கேமராவைப் பிடிப்பது பெரும்பாலும் காவலர்தான். சோதனை ஆரம்பித்த பிறகு ரெக்கார்டிங் போடுவது, பட்டியலில் சாட்சி கையெழுத்துப் போடும் நேரம் கேமரா வேறு பக்கம் திரும்பியிருப்பது, எந்த போனில் எடுத்தது என்று குறிக்காததால் மின்னணுச் சான்றுக்கான சான்றிதழில் சிக்குவது, இதெல்லாம் குறுக்கு விசாரணையில் வக்கீலுக்கு லட்டு. வகுப்பில் பிரிவு எண்ணை மனப்பாடம் செய்தால் இது வராது. போலிச் சோதனை நடத்திப் பத்துத் தடவை எடுக்க வைக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
நன்றி. எங்கள் ஸ்டேஷன் நிலவரத்தை ஆர்.டி.ஐ.யில் கேட்டால் கிடைக்குமா?

மூணு ஷிப்ட்:
கிடைக்கும், கேட்கிற விதத்தில் கேட்டால். "ஏன் ஆள் இல்லை" என்று எழுதாதீர்கள். காரணம் கேட்பது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஒரு தேதியைக் குறித்து, பதவி வாரியாக நாலு கட்டம் கேளுங்கள்: அனுமதிக்கப்பட்டது, பணியில் உள்ளது, அயல்பணியில் சென்றது, அயல்பணியில் வந்தது. பெயர் கேட்காதீர்கள், எண்ணிக்கை போதும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மாவட்ட எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள், மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகம். மூன்றாவது கட்டத்தைத்தான் வெறுமனே விடுவார்கள். 30 நாளில் வராவிட்டால் அதற்கு மட்டும் மேல்முறையீடு போடுங்கள்.