விலங்கியல் மாணவர்க்குத் தாவரவியல் எதற்கு? முதலாண்டுத் துணைப்பாடம் குறித்து ஒரு விவாதம்

திருமங்கலத்தாள்:
அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் இவ்வாண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் சேர்ந்துள்ளேன். முதன்மைப் பாடம் முதுகெலும்பற்ற விலங்குகள், துணைப்பாடம் தாவரவியல். பிளஸ் டூவில் உயிரியல் என்ற ஒரே பாடத்துக்குத் தாவரத்துக்கு ஒரு புத்தகமும் விலங்குக்கு ஒரு புத்தகமும் இருந்தன. கல்லூரிக்கு வந்தால் இந்தச் சுமை பாதியாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. பாசி, பூஞ்சை, மாஸ், பெரணி, சைகஸ், பூக்கும் தாவரக் குடும்பங்கள், தண்டின் உள்ளமைப்பு ஆகிய அனைத்தையும் ஒரே பருவத்தில் முடித்தாக வேண்டும். சென்ற வாரச் செய்முறை வகுப்பில் கிணற்றடிப் பூண்டின் தண்டை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு பிளேடால் முப்பது துண்டுகள் சீவினேன். நுண்ணோக்கியில் வைக்கத் தகுந்ததாக ஒன்றுகூடத் தேறவில்லை, விரலில் காயம்தான் மிச்சம். மீனையும் பூச்சியையும் படிக்க வந்தவளுக்கு இது எதற்கு? துணைப்பாடத்தை நீக்கலாம், அல்லது ‘தாவரங்களும் விலங்குகளும்’ என்று ஒரே அறிமுகத் தாளாக்கலாம். எது சரி என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

சிம்மக்கல்:
நீக்குவதே சரி. நானும் விலங்கியல் படித்தவன். இப்போது மீன்குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பூக்கும் தாவரங்களைக் குடும்பங்களாகப் பிரிக்கும் பெந்தம், ஹூக்கர் வகைப்பாட்டை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்து தேர்வெழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், அதை ஒரு நாள்கூடத் திறந்து பார்க்க நேர்ந்ததில்லை. ஆனால் புள்ளியியல் தெரியாததால் முதல் இரண்டு ஆண்டுகள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். துணைப்பாடமாக வேதியியல் இருக்கட்டும், தாவரவியல் இருந்த இடத்தில் புள்ளியியல் வரட்டும். நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் அவர்கள் குகை வௌவால்களின் அன்றாட உயிர்க்கடிகாரம் குறித்துச் செய்த ஆய்வை உலகமே திரும்பிப் பார்த்தது. அவ்வௌவால்களை ஆண்டுக்கணக்கில் உற்று நோக்கியதால் வந்த பெயர் அது. எல்லாவற்றிலும் ஒரு பிடி அள்ளிப் பார்ப்பதால் அந்த ஆழம் வராது.

நாகமலைவாசி:
முப்பத்தோராண்டுகள் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் நான் பேசுவது சொந்தக் கடைக்கு ஆள் பிடிப்பது போலத் தோன்றலாம், பொறுத்தருள்க.

அரிதாக நிகழ்வதை ‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோம். உண்மையில் அத்தி ஓயாமல் பூக்கிறது. பூ வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். நாம் அத்திக்காய் என்று சொல்வதே உட்புறமாகக் குழிந்த ஒரு மஞ்சரி, அதாவது பூங்கொத்து. அதன் உட்சுவர் முழுவதும் நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்கள் இருக்கின்றன. காயின் நுனியில் செதில்கள் மூடிய ஒரு சிறு துளை உண்டு. அத்திக் குளவி எனப்படும், கொசுவினும் சிறிய பெண் குளவி அத்துளை வழியே தன் இறகுகள் பிய்ந்து போகும் அளவுக்கு நெருக்கியடித்து உள்ளே புகுந்து, தான் கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களின் சூலகத்தில் முட்டையிட்டு, அங்கேயே இறந்துவிடுகிறது. அடுத்த தலைமுறையில் முதலில் வெளிவரும் ஆண் குளவிகளுக்கு இறகே கிடையாது; அவை பெண் குளவிகளோடு கூடி, சுவரில் வழி குடைந்து கொடுத்துவிட்டு இறக்க, பெண் குளவிகள் புதிய மகரந்தத்துடன் அவ்வழியே வெளியேறி வேறொரு காயைத் தேடிச் செல்கின்றன. இப்போது திருமங்கலத்து மாணவியிடம் கேட்கிறேன்: இது விலங்கியலா, தாவரவியலா? குளவியை மட்டும் எடுத்துப் படித்தால் அதன் இறகு ஏன் உதிர்கிறது என்பதற்கு உங்களிடம் விடை இராது.

இன்னொன்று. 2018-இல் வெளிவந்த ஒரு கணக்கீட்டின்படி, புவியில் உள்ள உயிர்கள் அனைத்தின் உடலிலும் அடங்கிய கார்பன் ஏறத்தாழ 550 கிகா டன் (ஒரு கிகா டன் என்பது நூறு கோடி டன்). அதில் தாவரங்களின் பங்கு 450. மனிதர், மாடு, மீன், பூச்சி உட்பட விலங்குகள் அனைத்தும் சேர்ந்து 2. அந்த இரண்டைப் படிக்க வந்தவர், அதைத் தாங்கி நிற்கும் நானூற்றைம்பதை ஒரு பருவம்கூட எட்டிப் பார்க்க மாட்டேன் என்பது நியாயமா? சிம்மக்கல் நண்பர் சொன்ன வௌவாலுக்கும் இலுப்பைப் பூ இல்லாமல் வாழ்வில்லை.

சிம்மக்கல்:
ஐயா, அந்த வௌவால் இலுப்பைப் பூவை உண்பதில்லை. சந்திரசேகரன் அவர்கள் ஆய்ந்தது பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் சிறு வௌவாலை; இலுப்பைக்கு வந்து அதன் இனிப்பான அல்லி வட்டத்தைத் தின்று, மகரந்தமும் கடத்திச் செல்வது பழந்தின்னி வௌவால். இரண்டும் வேறு குடும்பங்கள். விலங்கியலில் ஆழம் வேண்டும் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

அத்திக் குளவி பற்றித் தாங்கள் எழுதியதை மறுக்கவில்லை. படிக்கச் சுவையாகவே இருந்தது. ஆனால் அதைப் பூச்சியியல் வகுப்பில் விலங்கியல் ஆசிரியரே கற்பிக்கலாம். அதற்காக இருபது தாவரக் குடும்பங்களின் பூச்சூத்திரங்களை, அதாவது பூவின் உறுப்புகளைக் குறியீடுகளால் எழுதும் சூத்திரங்களை, ஏன் உருப்போட வேண்டும்? நான் மூன்றாண்டுகள் படித்ததில் அத்திக் குளவியை எந்த ஆசிரியரும் வாய்திறந்து சொன்னதில்லை. சூத்திரத்தை மட்டும் சொன்னார்கள்.

நாகமலைவாசி:
வௌவால் விஷயத்தில் பிழை என்னுடையதே. திருத்தியமைக்கு நன்றி.

ஃபார்மலின்:
நான் ஆசிரியர் அல்லன். ஒரு கல்லூரி விலங்கியல் துறையில் ஆய்வக உதவியாளராக நெடுங்காலம் இருக்கிறேன். படித்தவர்கள் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆனால் ஒன்றை யாரும் சொல்லவில்லை.

முன்பெல்லாம் செய்முறை வகுப்புக்கு முதல்நாள் தவளை வந்து இறங்கும். கரப்பான்பூச்சி பிடித்துக் கொடுப்பதற்கென்றே விடுதிச் சமையற்கூடத்தில் எனக்கு ஆள் இருந்தார். மெழுகுத் தட்டில் குண்டூசி குத்திக் கிடத்தி, நரம்பு மண்டலத்தை அறுபடாமல் எடுத்துக் காட்டும் மாணவரை வகுப்பே சூழ்ந்து நிற்கும். பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் உடற்கூறாய்வைக் குறைக்கச் சொல்லி, 2014-இல் அறவே நிறுத்தச் சொல்லிவிட்டது. அது நல்லது என்பதே என் எண்ணம். தவளைகளை அள்ளிக்கொண்டு வந்தவன் நான், அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். இப்போது எங்கள் மாணவர்கள் பார்ப்பதெல்லாம் கண்ணாடி சாடிக்குள் வெளுத்துப் போன மாதிரிகளும், படங்களும், கணினித் திரையும்.

ஆகவே இன்றைக்கு முதலாண்டு விலங்கியல் மாணவர் ஒருவர் உயிருள்ள திசுவைத் தம் கையால் அறுத்து, சாயமேற்றி, தாமே நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் இடம் பெரும்பாலும் அந்தத் துணைப்பாடச் செய்முறை வகுப்பு ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் மூன்றாண்டு முடித்து வெளியே போகிறவர் கையில் பிளேடு பிடித்த பழக்கமே இராது.

பாப்பாவுக்கு ஒரு சொல். தண்டை முதலில் நீரில் போட்டு வைக்கவும். பிளேடு புதியதாக இருக்க வேண்டும். அதையும் நனைத்துக்கொள்ள வேண்டும். அறுக்கும்போது அழுத்தாமல், உடலை நோக்கிச் சாய்வாக ஒரே இழுப்பு. முப்பது சீவினால் மூன்று தேறும், எல்லாருக்கும் அப்படித்தான்.

மேலூர் ஆசிரியை:
பள்ளியில் உயிரியல் கற்பிப்பவள் நான். ஒரே தாளாக்கும் யோசனை குறித்து மட்டும் என் கருத்து. மேலோட்டமாக இணைத்தால், பிளஸ் ஒன்னில் நாங்கள் நடத்தியதையே கல்லூரியில் இன்னொரு முறை நடத்துவார்கள். பத்து வாரத்தில் கடற்பஞ்சு முதல் பாலூட்டி வரை ஓட்டமாக ஓடிவிட்டு, மீதி நாளில் பாசி முதல் பூ வரை ஓடுவார்கள். அதற்கு இரண்டு தாள்கள் தனித்தனியே இருப்பதே மேல்.

ஆனால் சேர்த்து வைத்தால் மட்டுமே கற்பிக்கக்கூடியவை சில உண்டு. வெங்காய வேர்நுனியில் செல் பகுப்பைக் காட்டுகிறோம்; அங்கே நடுவில் ஒரு தட்டு உருவாகி இரு செல்களாகப் பிரிகிறது. விலங்கு செல்லோ இடுப்பு இறுகுவது போல வெளியிலிருந்து உள்வாங்கிப் பிரிகிறது. செல் சுவர் இருப்பதும் இல்லாததும்தான் காரணம். அந்தச் சுவரே மரம் நகராமல் நிற்பதற்கும் மாடு நடப்பதற்கும் இடையிலான வேறுபாட்டின் தொடக்கம். இரண்டையும் வெவ்வேறு ஆண்டில் வெவ்வேறு ஆசிரியர் நடத்தினால், இந்த ஒப்பீடு மாணவர் மனத்தில் உருவாவதே இல்லை. இன்னொரு வேடிக்கை: பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு என்பது மரபணு ஒப்பீடுகளால் நிலைபெற்றுவிட்டது; எனினும் காளானைப் பற்றிக் கேட்டால் விலங்கியல் துறையினர் இன்றும் தாவரவியல் துறையின் வாசலைத்தான் கைகாட்டுகிறார்கள்.

திருமங்கலத்தாள்:
ஃபார்மலின் அண்ணா சொன்னபடி இன்று செய்து பார்த்தேன். நான்கு துண்டுகள் தேறின. சாஃப்ரானின் என்ற சிவப்புச் சாயம் இட்டுக் கழுவியபின், நீரைக் கடத்தும் சைலம் திசு மட்டும் சிவப்பு வளையம் போலத் தனியே எழுந்து நின்றது. ரெக்கார்டு நோட்டில் நான் வட்டமாக வரைந்து வைத்திருந்த படம் வேறு, கண்ணில் கண்டது வேறு. கோணலாக, ஒரு பக்கம் நசுங்கி, ஓரத்தில் மயிர்களோடு இருந்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒன்றரை ஏக்கரில் மல்லிகை இருக்கிறது. 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா அந்தச் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டதாக அம்மா சொல்வார். ஆனால் மொட்டுப்புழு வந்துவிட்டால் குறியீட்டைப் பார்த்து யாரும் விலை தருவதில்லை. விடியுமுன் மொட்டெடுக்கும்போது துளை விழுந்த மொட்டைப் பிரித்துப் பார்த்தால், வெளியிதழ் முழுதாக இருக்க, உள்ளே எல்லாம் அரிக்கப்பட்டு ஒரு சிறு பச்சைப்புழு சுருண்டிருக்கும். அது ஒரு அந்துப்பூச்சியின் புழு என்பது என் முதன்மைப் பாடம். அது தின்னும் மொட்டு என் துணைப்பாடம். இரண்டு பாடத்திட்டங்களையும் எடுத்து வைத்துத் தேடினேன். புழு ஒன்றிலும் மல்லிகை மற்றொன்றிலும் இருக்கின்றன, மொட்டுக்குள் இருக்கும் புழு எதிலும் இல்லை. ஆகவே துணைப்பாடத்தை நீக்கச் சொன்ன என் முதற்கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டாவதை விடவில்லை, மேலூர் அம்மா சொன்னதுபோல் ஒப்பிட்டுக் கற்பிக்க இரு துறை ஆசிரியர்களும் ஒரே வகுப்பில் நிற்பார்கள் என்றால், ஒரு தாள் போதும்.

சிம்மக்கல்:
நல்லது தங்கையே, ஆனால் இரு துறையினரும் ஒரே வகுப்பில் நிற்கும் நாளில் வைகையில் வருடம் முழுவதும் தண்ணீர் ஓடும். நான் இன்னமும் புள்ளியியல் கட்சிதான்.

அது கிடக்கட்டும். செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டராக, அதாவது பார்த்து இனங்காண வேண்டிய மாதிரியாக, மல்லிகையை வைத்தால், குடும்பம் ஓலியேசி, மகரந்தத்தாள் இரண்டு என்று எழுதினால் மதிப்பெண் முழுதாகக் கிடைக்கும். நாகமலை ஐயாவிடம் மரியாதையோடு ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். முப்பத்தோராண்டில் ஒரு முறையாவது, புழு அரித்த மொட்டை ஸ்பாட்டராக வைத்து, இங்கே என்ன நடக்கிறது என்று எழுதச் சொன்னதுண்டா?

நாகமலைவாசி:
இல்லை. தேர்வுக்கு முதல்நாள் பூக்கடையிலிருந்து வாங்கி வந்து, புழு அரித்தவற்றை ஒதுக்கிவிட்டு நல்ல மொட்டாகப் பொறுக்கி வைப்பதே எங்கள் துறையில் வழக்கம்.