மறு: மருத்துவ வழிகாட்டு நெறிகளில் ‘கன்ஸ்யூமர்’ – நுகர்வோர் என்பது சரிப்படுமா?

அண்ணா, வணக்கம்.

உங்கள் கலைச்சொல் பட்டியலில் ‘கன்ஸ்யூமர் இன்வால்வ்மென்ட்’டுக்கு, அதாவது மருத்துவ நெறிகளை வகுக்கும்போது நோயாளிகளையும் சேர்த்துக்கொள்வதற்கு, ‘நுகர்வோர் ஈடுபாடு’ என்று பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு நோயாளி, வீட்டார் எல்லோரையும் சேர்த்து ‘கன்ஸ்யூமர்’ என்கிறது, உண்மைதான். ஆனால் 1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகு, ஆஸ்பத்திரியில் போய் ‘நான் நுகர்வோர்’ என்றால் கேஸ் போட வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். பிரிட்டனில் மருத்துவ நெறிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு, நெறி வகுக்கும் குழுவில் குறைந்தது 2 பேரையாவது நோயாளிகள், பராமரிப்பவர்கள் தரப்பிலிருந்து வைக்கிறது, ‘லே மெம்பர்’ என்று பெயர். அதைப் ‘பாமர உறுப்பினர்’ ஆக்கினால் இன்னும் மோசம்.

‘நோயாளி’ மட்டும் போதாதா என்றால், வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜில், வைத்தியத்துக்கு வந்தவரோடு மாதக்கணக்கில் தங்கி, கெரோசின் அடுப்பில் கஞ்சி வைத்துக் கொடுக்கும் அந்த வங்காளத்து அம்மா நோயாளி இல்லையே. அவருக்கும் இதில் இடம் உண்டு.

என் பெரியப்பாவுக்குத் தொழுநோய். குடியாத்தத்தில் தறி நெய்தவர். பாதத்தில் உணர்ச்சி இல்லாததால் எம்.சி.ஆர். செருப்பு கொடுத்தார்கள், மெத்தென்ற ரப்பர், குதிகாலுக்குப் பின்னால் வார். நல்ல செருப்புதான், புண் வராமல் காக்கும். ஆனால் அந்த வாரைப் பார்த்தே பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துவிடுவார். அதனால் ஊர் எல்லை வந்ததும் அதைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, சாதா ஹவாய் செருப்பில் நடப்பார். புண் வந்தது. ‘செருப்பு அணியாத நோயாளி’ என்று சீட்டில் எழுதினார்கள். செருப்பின் நிறத்தையும் வாரையும் முடிவு செய்த மேஜையில் அவரைப்போல் ஒருவர் உட்கார்ந்திருந்தால் பேச்சே வேறு மாதிரி போயிருக்கும்.

பட்டவருக்குத்தான் தெரியும் என்கிறோமே, ‘கன்ஸ்யூமர்’க்குச் சொல்லை அங்கிருந்தே எடுப்போம். பட்டறிஞர். அறிஞருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்ட மாதிரி இருக்கும்.

– காட்பாடியிலிருந்து

~

தம்பி,

செருப்புக் கதை மனத்தைத் தைத்தது. சொல் தைக்கவில்லை. ‘பட்டறிஞர்’ என்று வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், ‘யாரு, பட்டறைக்காரரா?’ என்றாள் உங்கள் அண்ணி. ராணிப்பேட்டைப் பக்கம் லேத்துப் பட்டறை அதிகம், பாவம். நீட்டினாலும் பரவாயில்லை, ‘பட்டறிவாளர்’ என்று வைத்தால் குழப்பம் இல்லை.

அப்புறம், ‘இன்வால்வ்மென்ட்’டுக்கு என்ன? ‘பங்கேற்பு’ போதும் என்பேன்.

~

அண்ணா,

பட்டறிவாளர், சரி. அண்ணிக்கு நன்றி சொல்லுங்கள்.

பங்கேற்புதான் இடிக்கிறது. கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டு டீ பிஸ்கட் சாப்பிட்டுப் போனாலும் நம்மூரில் அது பங்கேற்புதான். நெறிகளின் தரத்தை எடைபோடும் அக்ரீ கருவியில் 23 கேள்விகள், 5ஆவது கேள்வியே யாருக்காக எழுதுகிறோமோ அவர்களுடைய கருத்தையும் விருப்பத்தையும் தேடினீர்களா என்பது. எதை ஆராய வேண்டும், எந்தப் பலன் முக்கியம் என்று தீர்மானிக்கும் முதல் நாளிலேயே கேட்டால்தான் அந்தத் தேடலுக்கு அர்த்தம். எல்லாம் எழுதி முடித்துப் படித்துப் பார்க்கச் சொல்வதற்கு ‘கருத்துக் கேட்பு’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதை அங்கேயே விட்டுவிடலாம்.

‘உடனாக்கம்’ எப்படி? உடனிருந்து சேர்ந்தே ஆக்குவது. ‘பட்டறிவாளர் உடனாக்கம்’. அண்ணியிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.