பாட்டியின் தோசைக்கல் ஏன் விரிசல் கண்டது?

கேள்வி:
முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் வீட்டில் புழங்கிய வார்ப்பிரும்புத் தோசைக்கல்லை, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு குழாய் நீரில் காட்டியபோது அது படீரென விரிசல் விட்டுவிட்டது. பற்றவைத்துச் சரிசெய்ய இயலுமா? அதற்கு மாற்றாக வாங்கிய புதிய கல் சொரசொரப்பாக இருக்கிறது. பழையதோ வழுவழுவென்று இருந்தது. புதியது தரம் குறைந்ததா?

மறுமொழி 1:
வார்ப்பட ஆலையில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தூய இரும்பு உருக 1538 பாகை செல்சியசு வேண்டும். அதில் 2 முதல் 4 விழுக்காடு கார்பன் கலந்தால் 1200 பாகையை ஒட்டியே உருகி, அச்சின் மூலைமுடுக்கெல்லாம் பாய்கிறது. ஆனால் உலோகம் மெல்ல ஆறும்போது அதே கார்பன் கிராஃபைட் செதில்களாகப் பிரிந்து நிற்பதால், இழுவிசை வரும்போது விரிசல் அச்செதில்களின் வழியே ஓடிவிடுகிறது. உங்கள் கல்லில் நீர் பட்ட பகுதி சட்டெனச் சுருங்க, சூடாக இருந்த மற்றப் பகுதி அதற்கு இடம் கொடுக்கவில்லை. நிக்கல் கம்பியால் பற்றவைக்கலாம் என்றாலும், நாள்தோறும் சூடேறி ஆறும் கல்லில் ஒட்டுக்கு அருகிலேயே மீண்டும் விரிசல் விடக்கூடும். ஆகவே நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுமொழி 2:
சொரசொரப்பு குறையன்று, அது மணல் அச்சின் தடம். சீனர்கள் பொது ஊழிக்கு முன் 5ஆம் நூற்றாண்டளவிலேயே இரும்பை வார்த்தனர். இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி, இரும்புப் பானைகளை மணலில் வார்க்கும் முறைக்கு 1707இல் காப்புரிமை பெற்றார். 1709இல் கோல்புரூக்டேலில் கற்கரியைக் (நிலக்கரியைச் சுட்டுப் பெறும் கோக்) கொண்டு இரும்பை உருக்கவும் தொடங்கினார். இரும்புப் பானை எளிய வீடுகளுக்கும் எட்டியதில் இவ்விரண்டுக்கும் பெரும் பங்குண்டு. வார்த்தபின் பரப்பைக் கடைந்து மெருகேற்றும் வேலையைப் பிற்காலத்தில் பல ஆலைகள் விட்டுவிட்டன. உங்கள் பழைய கல்லின் வழுவழுப்பில் அந்த மெருகோடு, ஆண்டுக்கணக்கில் தோசைத்திருப்பி உரசியதும் எண்ணெய் படிந்ததும் சேர்ந்திருக்கும்.

மறுமொழி 3:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வார்ப்பிரும்பு சூட்டைச் சீராகப் பரப்பும் என்று பலர் நம்புகிறார்கள், அது சரியன்று. அதன் வெப்பங்கடத்தும் திறன் அலுமினியத்தினுடையதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். கனமாக இருப்பதால் ஏறிய சூட்டை நெடுநேரம் தாங்குகிறது. மாவை ஊற்றியவுடன் கல் குளிர்ந்துவிடாமல் தோசை முறுகலாக வருவது அதனால்தான். எனவே சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் பொறுமையாகக் காயவிடுங்கள். இல்லையேல் நடுவில் கருகி ஓரம் வெளுத்திருக்கும். புதிய கல்லைப் பழக்கும்போது எண்ணெயை மிக மெல்லிதாகப் பூசி, புகை அடங்கும்வரை காயவைத்து, நன்றாக ஆறியபின் மீண்டும் பூசுங்கள். சூட்டில் எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்படலமாகிவிடும். தடித்துப் பூசினால் பிசுபிசுப்பே மிஞ்சும். புளி, தக்காளி போன்ற புளிப்பு அப்படலத்தை அரித்துவிடும் என்பதால், வார்ப்பிரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைப்பதைத் தவிருங்கள்.