அதற்கும் அடுத்த பங்க் வரை: ஆஸ்திரேலிய உள்நாட்டுச் சாலைகளில் எரிபொருள் நிரப்பிய அனுபவங்கள்

அடிலெய்டிலிருந்து:

அடிலெய்டிலிருந்து டார்வின் வரை குடும்பத்துடன் காரில் போய்த் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. புறப்படுமுன் தெரிந்தவர்கள் எல்லோரும் "பெட்ரோல் விஷயத்தில் கவனமாக இருங்கள்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். எந்த வகையில் கவனமாக இருக்க வேண்டும் என்பது வழியில் நடந்த ஒரு சம்பவத்தில்தான் எங்களுக்குப் புரிந்தது. அதே பாதையில் போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

போர்ட் அகஸ்டாவில் கிளம்பி டார்வின் வரை ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நீளும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை 1987-இலேயே முழுவதும் தார்ச்சாலை ஆகிவிட்டது. சாலையைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. வரைபடத்தில் பார்த்தால் எரிபொருள் கிடைக்கும் இடங்களும் போதுமான அளவு இருப்பதாகவே தோன்றும். போர்ட் அகஸ்டாவிலிருந்து பிம்பா சுமார் 170 கி.மீ., அங்கிருந்து கிளென்டாம்போ 110 கி.மீ. சொச்சம், அதன்பின் கூபர் பெடி வரை 254 கி.மீ. தூரத்துக்கு எதுவும் கிடையாது. எங்கள் வண்டியின் டேங்க் 60 லிட்டர் கொள்ளும். வழக்கமாக 100 கி.மீ.க்கு 9 லிட்டர் குடிக்கும் வண்டி. எப்படியும் 650 கி.மீ. ஓடிவிடும், 254 என்ன பெரிய தூரம் என்று நான் கணக்குப் போட்டுவைத்திருந்தேன்.

அந்தக் கணக்கில் இருந்த முதல் தவறு, அந்த 9 லிட்டர் வெறும் வண்டிக்கான அளவு என்பதுதான். நாங்கள் போனதோ நான்கு பேர், தண்ணீர் கேன்கள், கூரைமேல் ஒரு பெரிய பெட்டி. டார்வின் இருக்கும் மாநிலமான வட மண்டலத்துக்குள் நுழைந்ததும் நெடுஞ்சாலையின் பல பகுதிகளில் மணிக்கு 130 கி.மீ. வரை போக அனுமதி உண்டு. சாலையும் நேராக ஆளில்லாமல் கிடக்கிறது. கால் தானாகவே அழுத்திவிடுகிறது. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு அதைவிடப் பல மடங்கு விரைவாகக் கூடுகிறது என்பது பள்ளியில் படித்த பாடம்தான். கூரைப் பெட்டியும் சேர்ந்துகொண்டபோது அதே வண்டி 13 லிட்டருக்கு மேல் குடித்தது. 650 கி.மீ. என்று நம்பியிருந்த டேங்க் உண்மையில் 450 கி.மீ.தான் தாங்கும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. வரைபடத்தில் பங்க் இருந்தால் அங்கே பெட்ரோலும் இருக்கும் என்று நம்பியதுதான் அது. டெனன்ட் கிரீக்கைத் தாண்டி வடக்கே போனபோது, வழியிலிருந்த ஒரு ரோட்ஹவுஸில் (பெட்ரோல், சாப்பாடு, தங்கும் அறை எல்லாம் கிடைக்கும் சாலையோர நிறுத்தம்) விலை அதிகம் என்று நிரப்பாமல் கடந்து, அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டோம். அந்த அடுத்த இடத்தில் டீசல் பம்பு ஓடியது, பெட்ரோல் பம்பின் கைப்பிடிமீது ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். லாரி வர இன்னும் ஒரு நாள் ஆகும் என்றார்கள். எங்கள் டேங்கில் ஏறத்தாழ 12 லிட்டர் இருந்தது; அடுத்த பம்பு 90 கி.மீ. தள்ளி.

கல்லாவில் இருந்த வயதான அம்மையார் பதற்றப்படவே இல்லை. முதலில் எங்கள் வண்டியை வெளியே வந்து பார்த்தார். கூரைப் பெட்டியைக் காட்டி, அதில் இருப்பதைக் காருக்குள் அடைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். பிறகு தம் தொலைபேசியிலிருந்து அடுத்த ரோட்ஹவுஸைக் கூப்பிட்டு, பெட்ரோல் இருக்கிறதா, பம்பு ஓடுகிறதா, எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டார். பெட்ரோல் இருந்தும் ஜெனரேட்டர் பழுதானால் பம்பு ஓடாது, எல்லாம் இருந்தும் ஆள் இல்லாமல் பூட்டியிருக்கலாம், அதனால் மூன்றையும் கேட்க வேண்டும் என்று எங்களுக்கு விளக்கினார். மணிக்கு 80-க்கு மேல் போகாதீர்கள், பின்னால் ரோடு டிரெயின் வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். 53 மீட்டர் நீளத்தில் மூன்று, நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு வரும் அந்த லாரிகளுக்கு முன்னால் 80-இல் ஊர்வது எத்தகைய மன உளைச்சல் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகள் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் எரிபொருள் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அங்கே போய் நிரப்பியபோது 60 லிட்டர் டேங்கில் 56.4 லிட்டர் ஏறியது. அந்த ரசீதை இன்றும் வண்டியின் சன்வைசரில் செருகி வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் திட்டமிடும் முறையே மாறியது. முதல் இரண்டு டேங்குகளுக்கு, நிரப்பிய லிட்டரையும் ஓடிய தூரத்தையும் ஒரு நோட்டில் எழுதி, சுமையோடு வண்டி உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று கண்டுபிடித்துக்கொள்கிறோம். டேஷ்போர்டில் தெரியும் "இன்னும் இத்தனை கி.மீ." என்ற எண்ணை நம்புவதில்லை, அது சற்றுமுன் ஓடிய ஓட்டத்தை வைத்துச் சொல்வது, எதிர்க்காற்று கிளம்பினால் கண்முன்னே குறைந்துவிடும். டேங்கில் 10 லிட்டரை இல்லாததாகவே வைத்துக்கொண்டு, மீதியால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்கிறோம். அந்தத் தூரம் அடுத்த பங்க் வரை போதுமா என்று கேட்பதோடு நிறுத்தாமல், அந்தப் பங்க் மூடியிருந்தால் அதற்கும் அடுத்த பங்க் வரை போதுமா என்று கேட்கிறோம். போதாது என்றால் இப்போது நிற்கும் இடத்திலேயே, என்ன விலையானாலும், நிரப்பிவிடுகிறோம். கூபர் பெடி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், கேத்தரின் போன்ற ஊர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பங்குகள் இருப்பதால் அவற்றை முழுமையாக நம்பலாம். தன்னந்தனியாக நிற்கும் ரோட்ஹவுஸை மட்டும் அப்படி நம்புவதில்லை.

இந்தச் சாலையில் ஊர்கள் இப்படித் தள்ளித் தள்ளி இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1872-இல் முடிந்த தந்திக் கம்பிப் பாதைக்காகச் செய்தியை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையங்களை இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் இடைவெளி விட்டுக் கட்டினார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், பாரோ கிரீக், டெனன்ட் கிரீக் எல்லாம் அப்படி முளைத்தவைதாம். அந்தக் காலத்துத் தந்திக்குத் தோதான இடைவெளி அது. இன்றும் நம் பெட்ரோல் டேங்க் அதற்குத்தான் ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது.

பெர்த்திலிருந்து:

மேலே எழுதிய நண்பரின் கணக்கை நான் முழு மனத்துடன் வழிமொழிகிறேன். பெர்த்துக்கும் அடிலெய்டுக்கும் நடுவே கிடக்கும் நல்லார்பார் சமவெளியைக் கடக்கும்போது அதில் இன்னும் இரண்டு விஷயங்களைச் சேர்க்க வேண்டும். ஒன்று காற்று, இன்னொன்று கடிகாரம்.

நாங்கள் ஒரு சிறிய கேரவனை இழுத்துக்கொண்டு பெர்த்திலிருந்து அடிலெய்டு போய்த் திரும்பினோம். வண்டி டீசல், டேங்க் 80 லிட்டர். கிழக்கே போகும்போது 100 கி.மீ.க்கு 15 லிட்டர் என்ற கணக்கில் நிம்மதியாகப் போனோம். திரும்பி மேற்கே வரும்போது மூன்று நாள் ஓயாத எதிர்க்காற்று. அதே வண்டி, அதே கேரவன், அதே வேகத்தில் 21 லிட்டர் குடித்தது. கைகுனாவிலிருந்து பல்லடோனியா சுமார் 180 கி.மீ.; இதில் 146.6 கி.மீ. தூரம் ஒரு வளைவுகூட இல்லாத நேர்ச்சாலை. பல்லடோனியாவிலிருந்து நார்ஸ்மன் இன்னும் 190 கி.மீ. ஆக, பல்லடோனியாவில் ஏதோ காரணத்தால் டீசல் கிடைக்காமல் போனால் 370 கி.மீ. ஓட வேண்டும். 21 லிட்டர் கணக்கில் 80 லிட்டர் டேங்க் 380 கி.மீ. தாங்கும். அந்தப் பத்து கிலோமீட்டரை நம்பிக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. கைகுனாவிலேயே டேங்கை நிரப்பி, கூடவே 20 லிட்டர் ஜெர்ரி கேன் ஒன்றிலும் டீசல் வாங்கிக்கொண்டேன். பல்லடோனியாவில் எல்லாம் சரியாகவே இருந்தது, கேனைத் திறக்க வேண்டி வரவில்லை. இருந்தாலும் அதற்குக் கொடுத்த பணம் வீண் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

கேனைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பெட்ரோலுக்குச் சிவப்பு, டீசலுக்கு மஞ்சள் என்று நிறம் பிரித்திருக்கிறார்கள். அதை மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். நிரப்பும்போது கேனை வண்டியில் வைத்தபடி நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து நிரப்ப வேண்டும். வெயிலில் எரிபொருள் விரியும் என்பதால் விளிம்புவரை ஊற்றாமல் கொஞ்சம் இடம் விட வேண்டும். ஆட்கள் உட்காரும் பகுதிக்குள் கேனை ஒருபோதும் வைக்கக் கூடாது.

இனிக் கடிகாரம். மேற்கு ஆஸ்திரேலியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் ஒன்றரை மணி நேரம் வேறுபடும்; கோடையில் தெற்கில் கடிகாரத்தை முன்னே தள்ளிவைப்பதால் இரண்டரை மணி நேரம். இடையில் கைகுனாவுக்குக் கிழக்கே எல்லைவரை உள்ள சில ரோட்ஹவுஸ்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு நேரத்தை வைத்துக்கொண்டிருக்கின்றன. பெர்த்தைவிட 45 நிமிடம் முன்னால். இதை நான் எங்கோ படித்திருந்தும் கிழக்கே போன அன்று மறந்துவிட்டேன். ஒரு ரோட்ஹவுஸில் பம்பு எட்டு மணிக்கு மூடும் என்று குறித்து வைத்திருந்தேன். என் கைக்கடிகாரத்தில் ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர்கள் சுவர்க் கடிகாரத்தில் எட்டே கால். விளக்குகள் அணைந்திருந்தன. கங்காருக்கள் நடமாடும் அந்த இருட்டில் மேலே போக நாங்கள் துணியவில்லை. கேரவனிலேயே படுத்துக் காலையில் நிரப்பிக்கொண்டோம். எங்களிடம் படுக்கக் கேரவன் இருந்தது. வாடகைக் காரில் கைக்குழந்தையுடன் வருபவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நிறுத்தங்களை எழுதும்போது மூடும் நேரத்துக்குப் பக்கத்திலேயே அது எந்த ஊர் நேரம் என்பதையும் எழுதிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 2019-20 கோடையில் நார்ஸ்மன் பக்கம் ஏற்பட்ட காட்டுத்தீயால் இந்தச் சாலை பத்து நாட்களுக்கும் மேலாக மூடிக் கிடந்தது. ரோட்ஹவுஸ்களில் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கோடையில் வருபவர்கள் டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடாமல் வைத்திருந்தால், வந்த வழியே திரும்பிப் போகவாவது எரிபொருள் கையில் இருக்கும்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து:

நான் இங்கே மருத்துவமனையில் செவிலியராக ஐந்து ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். தார்ச்சாலையை விட்டு மண்சாலையில் போக விரும்புபவர்களுக்காகச் சில வரிகள்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குச் சற்று வடக்கே பிரிந்து ஹால்ஸ் கிரீக் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகும் தனாமி சாலையின் நடுவில் ராபிட் ஃபிளாட் என்ற ரோட்ஹவுஸ் இருந்தது. 2010 டிசம்பர் இறுதியில் அதை மூடிவிட்டார்கள். பழைய காகித வரைபடங்களில் இன்னும் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பம்பின் படம் இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மதியம், பணி முடிந்து திரும்பும் வழியில், அப்படியொரு வரைபடத்தைப் பானட்டில் விரித்து வைத்துக்கொண்டு நின்ற வயதான தம்பதியரைப் பார்த்தேன். ராபிட் ஃபிளாட்டைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள். வழியிலுள்ள யுவெண்டுமு என்ற ஊரை விட்டால் அடுத்து எரிபொருள் கிடைக்கும் இடத்துக்கு 500 கி.மீ.க்கு மேல் போக வேண்டும், அதுவும் டயர் புதையும் மணலும் குலுக்கி எடுக்கும் மண்ணலைகளும் நிறைந்த சாலை, தார்ச்சாலைக் கணக்கு அங்கே செல்லாது என்று சொன்னேன். அவர்களில் ஒருவர் ஒன்றும் பேசாமல் பேனாவை எடுத்து அந்த வட்டத்தின்மேல் குறுக்கே கோடு போட்டார்.

யுவெண்டுமு போன்ற இடங்கள் பழங்குடி மக்களின் ஊர்கள் என்பதை மறக்கக் கூடாது. அங்குள்ள கடையும் பம்பும் முதலில் அந்த மக்களுக்காக இருப்பவை. சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது; ஊரில் ஒரு இறப்பு நேர்ந்தால் வாரநாளிலும் கடை மூடியிருக்கலாம், அது அவர்கள் துக்கம் காக்கும் முறை. சாவு வீடு உள்ள தெருவில் நாம் எப்படி நடந்துகொள்வோமோ அப்படித்தான் அங்கேயும் நடந்துகொள்ள வேண்டும். புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். பல ஊர்களில் மது கொண்டுபோகத் தடை உண்டு, எரிபொருளுக்காக உள்ளே நுழைபவர்களுக்கும் அது பொருந்தும்.

பம்பைச் சுற்றி இரும்புக் கூண்டு இருப்பதையும், சாதாரணப் பெட்ரோலுக்குப் பதிலாக வேறு பெயரில் ஒன்று இருப்பதையும் பார்த்து, வண்டி கெட்டுவிடுமோ என்று நிரப்பாமல் போனவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அது நறுமச் சேர்மங்கள் (மோந்தால் போதை ஏற்றும் வேதிப்பொருள்கள்) மிகக் குறைந்த 91 ஆக்டேன் பெட்ரோல். பெட்ரோலை மோந்து போதை ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தால் இந்தப் பகுதியில் எத்தனையோ இளம் பிள்ளைகள் மூளை பாதிக்கப்பட்டும் உயிரிழந்தும் போனார்கள். அதைத் தடுப்பதற்காக, மோந்தால் போதை தராத இந்தப் பெட்ரோலை 2005-இல் கொண்டுவந்தார்கள். 91 ஆக்டேன் போதும் என்று உங்கள் வண்டியின் கையேடு சொன்னால் தயங்காமல் நிரப்பலாம். அந்தப் பழக்கத்தால் வலிப்பு வந்து படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்ட மூத்த செவிலியர்கள் என் வார்டில் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பம்பிலிருந்து நிரப்பும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவர்கள் சொன்னதுதான் நினைவுக்கு வரும்.

அந்தத் தம்பதியர் அன்று புறப்படவில்லை. திங்கட்கிழமை காலையில் யுவெண்டுமு கடைக்குத் தொலைபேசியில் பேசி, டீசல் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, கூடுதலாக மூன்று மஞ்சள் கேன்களையும் வாங்கி நிரப்பிக்கொண்டு கிளம்பினார்கள். புதன்கிழமை மாலை ஹால்ஸ் கிரீக்கிலிருந்து எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார்கள்: இரண்டு கேன்கள் காலி, ஒன்று அப்படியே இருந்தது.