பழைய சத்திரத்துல தங்கின, சாப்பிட்ட அனுபவம் இருந்தா எழுதுங்க

நான் தங்கலை, படிச்சேன். தஞ்சாவூர்லேர்ந்து பட்டுக்கோட்டை போற ரோட்டுல ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரம். பள்ளிக்கூடமும் ஹாஸ்டலும் அங்கேதான் நடந்துச்சு. குதிரையும் யானையும் இழுத்துட்டுப் போற தேர் மாதிரி அடித்தளம், மாடியில மரத்தூண். கல்லுக் குதிரை மேல கால் வச்சு ஏறி, ஜன்னல் வழியா உள்ளே குதிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். அது யார் கட்டினதுன்னு அப்போ யாருக்குக் கவலை?

தஞ்சாவூர் மராட்டிய மன்னர் ரெண்டாம் சரபோஜியோட காதலி முக்தாம்பாள். தன் பேர்ல ஒரு அன்னசத்திரம் வேணும்னு சாகும்போது கேட்டாங்களாம். கட்டி முடிச்சது 1802. ராமேஸ்வரம் போற யாத்ரீகர்களுக்காக இந்தப் பாதை நெடுக ஏற்கெனவே சத்திரங்கள் இருந்துச்சு. 1799ல ராஜ்யத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிகிட்ட கொடுத்தாச்சு. மன்னர் கையில மிஞ்சினது கோட்டையும் மானியமும்தான். இந்தத் தர்மத்துல மட்டும் கை வைக்காதீங்கன்னு 1801ல தஞ்சாவூர்ல கம்பெனியோட பிரதிநிதியா (ரெசிடெண்ட்) இருந்த டோரினுக்கு அவர் எழுதின கடிதத்தைப் போன வருஷம்தான் படிச்சேன்.

சோறு மட்டும்னு நினைச்சிருந்தேன். கடிதத்தைப் பார்த்தா, சத்திரத்துல வைத்தியர் உண்டு, விஷக்கடிக்கும் மருந்து உண்டு. வழியில நோயில விழுந்தவங்களுக்குக் குணமாகுற வரைக்கும் பத்தியச் சாப்பாடு. யாத்திரை வந்த எடத்துல அப்பா அம்மா செத்துப்போன பிள்ளைங்களை வாத்தியார் பொறுப்புல விட்டுடுவாங்க. மூணு வேளை சாப்பாடு, நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய் தேய்ச்சுக் குளியல். எங்க ஹாஸ்டல்ல தீபாவளிக்குத்தான் எண்ணெய்!

நடுராத்திரி வரைக்கும் சோறு போட்டுட்டு, கடைசியா ஒரு மணி அடிப்பாங்களாம். இன்னும் சாப்பிடாதவங்க யார் இருந்தாலும் வந்து சாப்பிடணும்.

*

நான் மதுரை. ஜங்ஷனுக்கு எதிர்ல மங்கம்மாள் சத்திரம். ராணி மங்கம்மாள் பேரனுக்காக 1689லேர்ந்து 1706 வரைக்கும் ஆண்டவங்க. சின்ன வயசுல அப்பத்தாவோட மீனாட்சி கல்யாணத்துக்கு வந்து அங்கே தங்கினோம். பாயை விரிச்சு, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டுல வச்சுட்டு அப்பத்தா ராத்திரி பூரா தூங்கலை. பெட்டிக்குள்ள இருந்தது முறுக்கு. வேற ஞாபகம் இல்லை.

*

அந்தக் கடிதத்துல இன்னொண்ணும் இருக்கு சார், விட்டுட்டீங்க. எல்லா ஜாதிக்கும் சோறு உண்டுன்னு எழுதிட்டு, வெந்த சோறு வாங்கிக்காதவங்களுக்கு அரிசியும் சாமானும் தனியா கொடுப்போம்னும் எழுதியிருக்கார். எங்க தாத்தா அந்த ரகம். காசிக்குப் போனப்பவும் அடுப்புக்கல் தேடினவர். அதனால ரொம்பவும் உச்சியில தூக்கி வைக்க வேணாம். காலத்துக்கு அது பெரிசு, அவ்வளவுதான்.

*

எனக்குச் சேதுபாவாசத்திரம். எங்க பஸ்ல கண்டக்டர் முழுப் பேரும் சொல்ல மாட்டார், “சத்திரம்லாம் எறங்கு”ன்னுதான் கத்துவார். மீன் கூடையோட இறங்குறவங்க யாருக்கும் அது சோறு போட்ட எடத்துப் பேர்னு தோணாது. எனக்கே இதைப் படிச்சப்புறம்தான் தோணுது. இன்னைக்கும் தஞ்சாவூர்ல சத்திரம் நிர்வாகத்துக்குன்னு தனித் தாசில்தார் உண்டு, தெரியுமா?

*

முதல்ல எழுதினவன்தான் மறுபடியும். அரிசி விஷயம் சரிதான், விட்டிருக்கக் கூடாது. மணி பத்தி ஒருத்தர் தனியா கேட்டிருந்தார். நான் இருந்தப்போ அந்தப் பழைய மணியெல்லாம் கிடையாது. எட்டு மணிக்குத் தண்டவாளத் துண்டைத் தட்டுவாங்க. விளையாடிட்டு அசந்து தூங்கிட்டா, சமையல்கார அக்கா தட்டோட வந்து காலால நெம்பும். “எந்திரிடா, பாத்திரம் கழுவணும், தின்னுட்டுத் தூங்கு.”